மைக்கோழிக்குக் குடி பார்த்தவர்

கிழக்கிலங்கையின் மருதமுனையில் தறிக்காரக் காலிதீன் என்று விசாரித்தால் நான்கு பேரைக் காட்டுவார்கள். "கோழிக்குக் குடி பார்க்கிற காக்கா" என்று கேட்டால் ஒரேயொரு வீட்டைத்தான் காட்டுவார்கள். காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். ஊர் அந்தப் பட்டத்தைச் சிரித்துச் சிரித்து வைத்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைப்பேற்று வீட்டில் அவருடைய சேவல்தான் பத்தியக் கறியானது. அதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பிறகு சொன்னால் கோபத்தில் சொன்னதுபோல் ஆகிவிடும்.

அவர் பிறந்தது சாய்ந்தமருதில். அறுபத்திரண்டாம் ஆண்டு ஸுல்பிகாவைக் கலியாணம் முடித்து மருதமுனைக்கு வந்தார். எங்கள் கரையில் பெண் தன் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். வீடு பெண்ணுக்கு, பிள்ளைகள் தாயின் குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு. ஒரே குடியில் பிறந்தவர்கள் எல்லாரும் உடன்பிறந்தவர்கள் மாதிரி. அதற்குள் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. கலியாணம் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது பெண்ணின் குடி என்ன என்பதைத்தான். மற்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகு.

ஸுல்பிகாவுக்கு அவளுடைய உம்மா கொடுத்தது ஓட்டு வீடு ஒன்று, தறி இரண்டு, பிறகு இந்த மைக்கோழிகள். மைக்கோழி என்றால் இறகு மட்டும் கறுப்பில்லை. கொண்டை, சொண்டு, நாக்கு, தோல், அறுத்துப் பார்த்தால் எலும்புகூட மை பூசினாற்போல் இருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு அந்தக் கறியும் மிளகுத் தண்ணீரும் கொடுத்தால் நாற்பது நாளில் எழுந்து நிற்பாள் என்று கல்முனையிலிருந்து பெரியநீலாவணை வரை நம்பினார்கள். அப்படி நம்பிச் சாப்பிட்டே அந்த இனத்தைத் தீர்த்துவிட்டார்கள். எழுபதுகளில் அது இருந்தது ஸுல்பிகாவின் வளவிலும், அடுத்த தெருவில் அவளுடைய உம்மாவின் தங்கை, சாச்சியின் வளவிலும் மட்டும்தான் என்பது எல்லாருடைய எண்ணமும்.

காலிதீனுக்குக் கோழியே பிடிக்காது. பாவு நூலை வளவில் இழுத்துக் கட்டினால் குறுக்கே ஓடி எச்சம் போடும். அவர் கத்துவார். ஸுல்பிகா அசைய மாட்டாள். சாச்சி வீட்டிலிருந்து அவள் வாங்கி வந்த சேவலுக்கு மாப்பிள்ளை என்றே பெயர் வைத்தாள்.

"நீங்களும் வந்த மாப்பிள்ள, அதுவும் வந்த மாப்பிள்ள. ரெண்டு பேரும் ஒத்துமையா இரிங்களேன்" என்பாள்.

பிள்ளைப் பாக்கியம் அவர்களுக்கு இல்லை. அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது தறியும் கோழியும் அவளுடைய கேலியும்தான். பதினாறு வருடம் அப்படிப் போனது.

எழுபத்தெட்டு நவம்பரில் சூறாவளி வந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம், காற்றின் சத்தம் மாறியது. ஓடு பறக்கத் தொடங்கியதும் காலிதீன் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"கோழிய விடு புள்ள, உள்ள வா!"

"வாறன், இதுகளக் கவுத்திட்டு வாறன்" என்றாள்.

நூலுக்குச் சாயம் காய்ச்சுகிற பெரிய கிடாரத்தைச் சேவலுக்கும் மூன்று பேடுகளுக்கும் மேல் கவிழ்த்தாள். அதன்மேல் கல்லும் வைத்தாள். திரும்பி வீட்டுக்கு எட்டு அடிகூட இல்லை. குசினி மூலையில் நின்ற தென்னை அவள்மேல் விழுந்தது. மஃரிபுக்குப் பாங்கு சொல்ல அன்றைக்குப் பள்ளிவாசலில் ஆளும் இல்லை, கூரையும் இல்லை.

அடுத்த நாள் ஸுல்பிகாவின் ஜனாஸாவை எடுத்த பிறகு யாரோ கிடாரத்தைத் தூக்கினார்கள். நான்கு கோழிகளும் வெளியே வந்து, உடம்பை உதறி, விழுந்து கிடந்த தென்னங்குரும்பையைக் கொத்தின. காலிதீன் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். எடுத்தது அறுக்கத்தான், அதை அவரே பிறகு மறைக்காமல் சொன்னார். சேவலைப் பிடித்துக் கழுத்தைத் திருப்பினார். பிஸ்மி சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கோபத்தில் அறுத்தால் அது ஹலாலாகுமா என்று ஒரு யோசனை வந்தது. அதற்குள் சேவல் அவருடைய கையிலேயே அடங்கிக் கிடந்தது. அவள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியதை நான் அறுக்கவா என்று நினைத்தார், அதே இடத்தில் உட்கார்ந்து அழுதார்.

சாச்சி வீட்டுக் கோழிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆக உலகத்தில் மைக்கோழி என்று இருந்தால் இந்த நான்குதான் என்று காலிதீன் நம்பினார். பெண் பிள்ளை இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு இனி என்ன இருப்பு என்று ஊர் கேட்கத்தான் செய்தது. ஸுல்பிகாவின் தங்கை ஹப்ஸா பக்கத்து வளவில் இருந்தாள். நல்ல மனுசி. "இருக்கிற வரைக்கும் இரிங்க மச்சான்" என்று சொல்லிவிட்டாள். அவரும் இருந்தார். ஸுல்பிகாவுடையது என்று உயிரோடு மிஞ்சியது இந்தக் கோழி மட்டும்தான். அது தன் கையில் அழிந்துபோகக் கூடாது. அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கையில் வேறு நோக்கம் இருக்கவில்லை.

இனி அவருடைய முறையைச் சொல்ல வேண்டும். ஒரே வளவுக்குள் உடன்பிறப்போடு உடன்பிறப்பு சேர்ந்தால் இனம் கெடும் என்பது அவருக்குத் தெரியும். அதைத் தடுக்க மனுசருக்கு இருக்கிற ஏற்பாட்டையே கோழிக்கும் செய்தார். மூன்று பேடுகளையும் மூன்று குடியாக்கினார். தறி வீட்டில் நூலுக்கா பஞ்சம்? ஒன்றின் இடது காலில் சிவப்பு நூல், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு மஞ்சள். குஞ்சு பொரித்தால் தாயின் நிறத்திலேயே நூல் கட்டுவார். சிவப்புக் குடிச் சேவல் சிவப்புக் குடிப் பேட்டோடு சேரக் கூடாது. மூலைக்கு ஒன்றாக மூன்று கூடு அடைத்து, பேடுகள் தாய் வீட்டிலேயே இருக்க, ஒழுங்காகப் பிரித்து வைத்தார்.

பாவுக்கு நூல் எண்ணுகிற மனுசனுக்கு இது பெரிய வேலையில்லை. ஊருக்குத்தான் தாங்கவில்லை. சீனிமுகம்மது என்ற பக்கத்துத் தறிக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "காக்கா, மஞ்சக் குடியில ஒரு பொண்ணு இரிக்காமே, எங்கட சேவலுக்குப் பேசலாமா?" என்று கேட்பார். காலிதீன் முகத்தைத் திருப்பாமல், "ஒங்கட சேவலுக்குத் தொழில் என்ன?" என்பார்.

எண்பத்தொன்றில் முப்பத்தேழு கோழிகள் நின்றன. பிள்ளைப்பேற்று வீடுகளிலிருந்து ஆள் வந்தது. பேடு கொடுக்க மாட்டார். சேவல் கேட்டால், ஸுல்பிகாவின் பெயரில் நன்மையாகட்டும் என்று சும்மாவே கொடுத்தார். இளம் சேவல்கள் வளர்ந்தால் மாப்பிள்ளையோடு சண்டைக்கு நிற்கும். அதையும் அவரால் பார்க்க முடியாது. கிடாரத்துக்குள் அவள் கவிழ்த்து வைத்த சேவல் அல்லவா? அதன்மேல் ஒரு கீறல் விழவும் அவர் விடவில்லை. அப்படி வருடாவருடம் பிறந்த ஆண்களெல்லாம் சட்டிக்குப் போக, மூன்று குடிக்கும் மாப்பிள்ளை ஒருவனே மாப்பிள்ளையாக இருந்தான்.

எண்பத்துமூன்றில் தொடங்கியது. பன்னிரண்டு முட்டையை அடைவைத்தால் ஆறு கூழாகிப் போகும். பொரித்த ஆறில் இரண்டுக்குக் கால்விரல் மடங்கியிருக்கும். ஒன்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே சாகும். ஓட்டுக்குள்ளேயே வளர்ந்து, கொத்தி வெளியே வரப் பலமில்லாமல் செத்துக் கிடந்தவை வேறு. காலிதீன் கண்ணூறு என்று நினைத்தார். பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கித் தெளித்தார். சீனிமுகம்மதுவின் கண் என்று சந்தேகப்பட்டு வேலியை உயர்த்திக் கட்டினார். பாவம் அந்த மனுசன், ஒரு கேலி பேசியதற்கு ஒன்றரை வருடம் ஓலை வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்துநான்கு நடுவில் மாப்பிள்ளை கிழடாகிச் செத்தது. அதைப் பிடவையில் சுற்றிப் புதைத்தார் என்று சொன்னார்கள். நான் அதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. அதன் இடத்தில் பச்சைக் குடி இளம் சேவல் ஒன்றை நிறுத்தினார்.

அந்த வருடக் கடைசியில் மர்சூக் என்கிற இளம் உத்தியோகத்தர் மாட்டுக்கும் கோழிக்கும் ஊசி போட வந்தார். காலிதீன் கூழாகிப் போன முட்டைகளை ஒரு கடகத்தில் வைத்துக் காட்டினார். மர்சூக் இரண்டை உடைத்துப் பார்த்தார். கூடுகளைப் பார்த்தார். நூல்களைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"நல்லா வச்சிரிக்கீங்க காக்கா. இப்பிடி ஒருத்தரும் வச்சிப் பாக்கல்ல. இந்தச் சேவலுக்கு வாப்பா ஆரு?"

"அது பச்சக் குடி, தம்பி."

"உம்மாவக் கேக்கல்ல. வாப்பாவக் கேக்கிறன்."

"மாப்பிள்ளதான்."

"அந்தப் பேட்டுக்கு?"

"மாப்பிள்ள."

"அதுக்கு?"

காலிதீன் குனிந்து அதன் காலில் இருந்த நூலைப் பார்த்தார். மர்சூக் மெல்லமாகத்தான் கேட்டார்.

"அதுக்கு உம்மாட வாப்பா?"

"அதுவும் மாப்பிள்ளதான்" என்றார் காலிதீன். சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது.

மனுசருக்கு வாப்பாவும் மகளும், ஒரு வாப்பாவின் பிள்ளைகளும் சேரக் கூடாது என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை; அது ஹராம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே குடிக் கணக்கு வாப்பாவை விட்டுவிடலாம். மார்க்கம் அதைப் பார்த்துக்கொள்ளும். கோழிக்கு மார்க்கம் இல்லை. அதற்கு இருந்தது காலிதீன் கட்டிய நூல் மட்டும்தான், அந்த நூலில் வாப்பா இல்லை. வெளியிலிருந்து வந்தவன் எந்தக் குடிக்கும் பொருந்துவான் என்று எண்ணி, அதன் மகள்மாரோடும் பேத்திமாரோடும் அந்த ஒரு சேவலையே ஆறு வருடம் அவர் சேர்த்து வைத்திருந்தார். மூன்று குடி என்று அவர் எண்ணியது உண்மையில் ஒரே குடும்பம்.

"நான்தான் கெடுத்த" என்றார்.

"தெரியாமச் செஞ்ச. இனி ரெண்டு காலுக்கும் நூல் கட்டுங்க. இடது காலுக்கு உம்மா, வலது காலுக்கு வாப்பா. குடிக்குக் குடி வேற வேற சேவல் நிக்கணும். சேவலக் கறிக்குக் குடுத்து முடிச்சிராதீங்க. ஆனா காக்கா, இப்ப இரிக்கிறதுக்குள்ள எப்பிடி மாத்தினாலும் ஒரே ரெத்தம்தான். வெளிய இருந்து ஒண்டு வரணும்."

"வெளிய ஏது?"

"ஊர்ச் சேவலச் சேர்க்கலாம். மை கலைஞ்சி போகும். மறுகா கறுத்ததாப் பாத்துத் தெரிஞ்சி தெரிஞ்சி எடுக்கணும், அஞ்சாறு வரியம் போகும்."

மை கலைந்தால் அது ஸுல்பிகாவின் கோழியா? காலிதீனுக்கு அதற்கு மனம் இடங்கொடுக்கவில்லை. மர்சூக் வற்புறுத்தவுமில்லை. ஆனால் மறக்காமல் வைத்திருந்து, எண்பத்தைந்து மாசியில் வந்தபோது ஒரு செய்தி சொன்னார். பெரியநீலாவணையில் கடற்கரைப் பக்கம் தெய்வானைப்பிள்ளை என்ற மீன்காரியின் வளவில் இதே கோழி நிற்கிறது. சொண்டைத் திறந்து நாக்கைப் பார்த்தேன், மைதான் என்றார். காலிதீன் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டார். பெரியநீலாவணை அடுத்த ஊர்தான், தமிழர் ஊர். வெள்ளிக்கிழமை போவம், நெசவுக் கூலி வேலை முடிந்து போவம் என்று நாலைந்து கிழமையை, ஒரு மாதத்துக்கு மேல், கடத்திவிட்டார். நல்ல செய்தியைக் கொஞ்சம் வைத்துப் பார்க்கிற ஆசையும் அதில் இருந்தது.

சித்திரையில் கலவரம் வந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில். யார் தொடங்கியது என்று இரண்டு பக்கமும் இன்றைக்கும் கையை நீட்டிக் காட்டும். நான் அந்தப் பேச்சுக்குப் போகப் போவதில்லை; எரிந்த கூரையைப் பார்த்து அது எந்தப் பக்கத்துக் கூரை என்று சொல்ல என்னால் முடியாது. நேற்றுவரை அங்கிருந்து மீனும் இங்கிருந்து தறியில் நெய்த சாரனும் போய்வந்த வீதியில் ஆள் போவது நின்றது. காலிதீன் கடத்திய நாலைந்து கிழமைக்காக நாலு மாதம் தன்னைத் தானே ஏசிக்கொண்டிருந்தார்.

ஆவணியில் அவரிடம் நின்றது நான்கு பேடும் ஒரு இளம் சேவலும். கடைசியாக அடைவைத்த பதினான்கு முட்டையில் ஒரு குஞ்சு வந்தது, மூன்றாம் நாள் அதுவும் போனது. அன்றைக்குச் சைக்கிளை எடுத்தார். ஹப்ஸா வாசலில் வந்து மறித்தாள்.

"மச்சான், கோழிக்காகவா மவுத்தாகப் போறீங்க?"

"ஒங்கட ராத்தா கோழிக்காகத்தானே மவுத்தான" என்றார். சொன்ன பிறகு அதற்காக வருந்தினார். ஆனாலும் போனார்.

தெய்வானைப்பிள்ளைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக் கூரையில் பாதி ஓடு, பாதி புதுத் தென்னங்கிடுகு; சுவரில் கரி ஏறியிருந்தது. தொப்பி போட்ட ஒருவர் சைக்கிளோடு வேலியில் நிற்பதைக் கண்டதும் எழுந்தாள். பக்கத்து வளவுகளில் பேச்சு நின்றது.

"ஆரு?"

"மருதமுனை. ஸுல்பிகாட மாப்பிள்ள."

அவளுடைய முகம் மாறியது. கையைச் சேலையில் துடைத்தாள்.

"சுல்பிகா அக்காட மனுசனா? வாங்க காக்கா. அவ போனதக் கேள்விப்பட்ட நான். வந்து பாக்க வழியில்லாமப் போயிற்று."

கோழி எப்படி வந்தது என்று அவளே சொன்னாள். எழுபத்தாறில் அவளுடைய மூத்த மகள் பிள்ளை பெற்றபோது ஸுல்பிகா ஒரு சேவலும் ஒரு பேடும் கொடுத்தாளாம். பத்தியத்துக்கு அறுக்க நினைத்த அன்றைக்கு மருமகன் சந்தையிலிருந்து வேறு கோழி வாங்கி வந்துவிட்டான். இரண்டும் தப்பி, பெருகி, சூறாவளியிலும் எப்படியோ கொஞ்சம் மிஞ்சின.

"எனக்கு இத அவ சொல்லல்ல" என்றார் காலிதீன்.

"ஆம்புளையளுக்கு எல்லாத்தையும் சொல்லுறதா?" என்றாள் தெய்வானைப்பிள்ளை. ஏழு வருடத்துக்குப் பிறகு யாரோ ஒருத்தி ஸுல்பிகா பேசுகிற மாதிரிப் பேசினாள்.

ஒரு சேவல் தரும்படி கேட்டார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். சித்திரையில் பள்ளிக்கூடத்துக்கு அகதியாக ஓடி மூன்று கிழமை கழித்துத் திரும்பியபோது மைச்சேவல் ஒன்றும் இல்லை. மூன்று பேடுதான் மரத்திலிருந்து இறங்கி வந்தன. இப்போது பக்கத்து வீட்டுச் சிவப்புச் சேவல் சேர்ந்து மஞ்சள் கால் குஞ்சுகள்தான் பொரிக்கின்றன.

"அப்ப ரெண்டு பேடு தாங்க. நான் என்ன வேணுமெண்டாலும் தாறன்."

"பேடு தர மாட்டன் காக்கா."

"ஏன்?"

"உங்கட பக்கமும் குடி இருக்கு, எங்கட பக்கமும் குடி இருக்கு. பொம்பிளப் புள்ளைய ஆரும் வீட்ட விட்டு அனுப்புறமா? உங்களிட்ட சேவல் நிக்குதெல்லோ. மாப்பிள்ளையக் கொண்டு வாங்க."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. முட்டை விற்றுத்தான் வீட்டில் உலை வைக்கிறாள் என்பதும் அதில் இருந்தது. காலிதீன் அதைக் கண்டார். நியாயத்தில் பிழை சொல்ல அவரால் முடியவில்லை. கோழிக்குக் குடி பார்த்தவரே அவர்தான்.

ஊருக்கு வந்து மூன்று நாள் அந்தச் சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது காலில் மாப்பிள்ளையின் நிறமென்று நீல நூல் கட்டியிருந்தது. அதைக் கொடுத்தால் ஸுல்பிகாவின் வளவில் கூவுவதற்கு ஒன்றும் இல்லை. பிறக்கிற குஞ்சு தெய்வானைப்பிள்ளையின் பேட்டுக் குடிக்குத்தான் சேரும். நாளைக்கு இன்னொரு கலவரம் வந்தால் அந்தக் குஞ்சும் சட்டிக்குப் போகும், பாதிக் கூரையும் போகும். கொடுக்காமல் வைத்திருந்தால்? வைத்திருந்தால் சேவலும் பேடும் கண்ணுக்கு அழகாக நிற்கும், ஒன்றும் பொரிக்காது, ஒவ்வொன்றாகக் கிழடாகிச் சாகும். தன் வளவிலேயே சாகிறது என்ற ஆறுதல் மட்டும் மிஞ்சும். அந்த ஆறுதலை அவர் விரும்பினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகுதான் வெட்கப்பட்டார்.

நான்காம் நாள் சேவலைக் கூடையில் வைத்து, மேலே சாரனைக் கட்டிக்கொண்டு போனார். வீதிக் காவலில் நின்றவன் சாரனை நீக்கிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். தெய்வானைப்பிள்ளையிடம் சேவலோடு நான்கு நூல்கண்டும் கொடுத்தார்.

"பொரிச்சா இடது காலில தாய்க்கு ஒரு நிறம், வலது காலில தகப்பனுக்கு ஒரு நிறம். தகப்பன விட்டிராதீங்க புள்ள. நான் விட்டதாலதான் இப்பிடி வந்து நிக்கிறன்."

"விட மாட்டன்" என்றாள்.

அடுத்த நாள் காலை அவருடைய வளவில் கூவல் இல்லை. ஹப்ஸாகூட வேலியில் வந்து, "மச்சான், சுகமில்லையா?" என்று கேட்டாள். அவர் தறியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்.

அந்த மாரியில் கோழிக் கொள்ளைநோய் வந்தது. வீதியில் கெடுபிடி கூடியிருந்ததால் மர்சூக்கால் மருந்தோடு வர முடியவில்லை. முதலில் சீனிமுகம்மதுவின் கோழிகள் தலையைத் தொங்கப்போட்டன. ஐந்து நாளில் தெரு முழுக்க வெறுமையானது. காலிதீன் நான்கு பேடுகளையும் வீட்டுக்குள், தறிக்குக் கீழே வைத்துக் காவலிருந்தார். பலமில்லாத ரத்தம், நோய் தொட்டதும் விழுந்தன. மஞ்சள் நூல் பேடு கடைசியாகச் செத்தது. பதினாறு வருடம் ஸுல்பிகாவும் ஏழு வருடம் அவரும் வளர்த்த வளவில் கோழி என்று ஒன்றும் இல்லை. சீனிமுகம்மது வந்து, தானே மண்வெட்டியை வாங்கிக் குழி வெட்டினார். கேலி ஒன்றும் சொல்லவில்லை.

எண்பத்தாறு மாசியில் ஒரு நாள் அவர் மறுபடி பெரியநீலாவணைக்குப் புறப்பட்டார். காலையில் எங்கேயோ வெடிச் சத்தம் கேட்டிருந்தது. பிரதான வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லை. கடைகள் பூட்டிக் கிடந்தன. அவர் கடற்கரையால் இறங்கி, மணலில் நடந்து போனார். வழியில் தோணிகளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அவரை உற்றுப் பார்த்தார்கள். போனது கேட்பதற்கல்ல, சொல்லிவிட்டு வருவதற்குத்தான்.

தெய்வானைப்பிள்ளையின் வளவில் பதினொரு முட்டைக்கு ஒன்பது குஞ்சு பொரித்து, ஒன்பதும் வளர்ந்து நின்றன. கால்விரல் ஒன்றும் மடங்கவில்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு காலிலும் நூல் இருந்தது. ஐந்து சேவல், நான்கு பேடு. காலிதீன் ஒவ்வொன்றாகப் பிடித்து, சொண்டைத் திறந்து நாக்கைப் பார்த்தார். எல்லாம் மை.

"மாப்பிள்ளைமாரில ரெண்டு கொண்டு போங்க காக்கா. உங்கட பேடுகளுக்குத்தான் வளத்தன். முறைப்படி ஆம்பிளப் புள்ளைதானே வெளிய போகணும்."

"எனக்கிட்ட பேடு இல்ல புள்ள. நாலும் நோயில போயிற்று." அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதச் சொல்லத்தான் வந்த. இனி இது ஒங்கட கோழிதான். நல்லாப் பாருங்க. ஒரு சேவல மட்டும் வச்சிராதீங்க."

எழுந்து சாரனைத் தட்டினார். தெய்வானைப்பிள்ளை அவரை இருக்கச் சொன்னாள். உள்ளே போய் மீன்கூடையைக் கொண்டு வந்தாள். முதலில் ஒரு இளம் சேவலைப் பிடித்து வைத்தாள். பிறகு பேடுகளுக்கு நடுவில் போய் நின்றாள். வலது காலில் ஒரே நீலம் இருந்தாலும் சேவலின் இடது நூலோடு ஒத்துப்போகாத இரண்டு பேடுகளைத் தேர்ந்து, அவற்றையும் கூடைக்குள் வைத்தாள்.

"நீங்க பேடு குடுக்கிற இல்ல எண்டுதானே சொன்ன?" என்றார் காலிதீன்.

"ஓம், சொன்னன். பொம்பிளைப் புள்ள இருக்கிற வீட்டுக்குச் சொன்ன கதை அது. இப்ப உங்கட வீட்டில ஒண்டும் இல்லையே." அவளுடைய குரல் உடைந்தது. "சுல்பிகா அக்காட வளவு வெறுமையாக் கிடக்கலாமா?"

காலிதீன் கண்ணீரைத் துடைக்கவில்லை.

"சும்மா தரல்ல" என்றாள். "இதுகள் பொரிச்சு வாற முதல் சேவல் இஞ்சதான் மாப்பிள்ளையா வரவேணும். எங்கட முதல் சேவல் உங்களிட்ட வரும். ஒவ்வொரு வரியமும். ஒருத்தரிட்ட அழிஞ்சாலும் மத்தவரிட்ட நிக்கட்டும்."

"இன்ஷா அல்லாஹ்" என்றார் காலிதீன். பிறகு அவர் வந்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். "வழி பூட்டிக் கிடந்தா என்ன செய்யிற புள்ள?"

தெய்வானைப்பிள்ளை கூடையின் வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"இண்டைக்கு நீங்க வந்த வழி திறந்தா கிடந்த?"

காலிதீன் கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கமாக இறங்கி நடந்தார்.